ஓட்டைக் குடமும் பருத்திக் குண்டிகையும்

தமிழாசிரியத் தொழிலை மேற்கொண்டோருள் நன்னூலின் பொதுப்பாயிரத்தைக் கல்லாதவர் அரியர். பவணந்தி முனிவர் ஆங்கே மாணாக்கரை மூவகையாக வகுத்தார். அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர்; மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர்; ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடைமாணாக்கர். அவ்வளவில் நில்லாது, நூல் சொல்லத் தகாதார் இன்னாரென்று ஒரு பட்டியலும் தந்தார். கள்வனும் சோம்பனும் இடம்பெறும் அப்பட்டியலிலேயே பிணியாளனும், அறிவு குன்றியவனும், மந்தனும் இடம்பெறுகின்றனர்.

பதினான்கு ஆண்டுகள் இச்சூத்திரங்களை நான் வகுப்பில் உரைத்திருக்கிறேன். உரைக்குந்தோறும் என் முன் இருந்த பிள்ளைகளை மனத்தினுள் வரிசைப்படுத்தி, இவன் அன்னம், அவன் கிளி, அந்த மூலையிலிருப்பவன் எருமை என்று கணக்கிட்டுக் களித்ததும் உண்டு. அதே பாயிரம் ஆசிரியர்க்கும் உவமைகள் கூறுகிறது. நல்லாசிரியனுக்கு நால்வகை, ஆகாத ஆசிரியனுக்கு நால்வகை. அவற்றுள் நான் எது என்று ஒருநாளேனும் எண்ணிப்பார்த்தேனல்லேன். எண்ணிப்பார்க்கும்படி செய்தவன் ஒரு சிறுவன். அவனைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

1991 ஆம் ஆண்டு, விசேட கல்வியிற் குறுங்காலப் பயிற்சியொன்றை முடித்திருந்த காரணத்தினால், வலிகாமத்துப் பாடசாலையொன்றின் விசேட கல்வி அலகு என் பொறுப்பில் விடப்பட்டது. அலகு என்னும் பெயர் பெரிது, இடமோ சிறிது. கிணற்றடிக்கு அருகில், உடைந்த வாங்குகளும் விளையாட்டுப் போட்டிக்கான கொடித்தடிகளும் கிடந்த கடைசி அறை அது. அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கி, எஞ்சிய இடத்தில் வகுப்பை ஆரம்பித்தேன். உயர்தர வகுப்புக்கு இலக்கியம் கற்பித்து வந்தவன் இவ்வறைக்கு வந்ததை என் நண்பர்கள் ஒரு வீழ்ச்சியாகவே கருதினர். “என்ன மாஸ்ரர், மேலிடத்தோடை ஏதும் கொழுவலோ?” என்று ஒருவர் இரகசியமாக விசாரித்தார். நானும் உள்ளூர அவ்வாறே கருதினேன் என்பதை இன்று மறைத்துப் பயனில்லை.

பதினொரு பிள்ளைகள். காது கேளாதவர் மூவர். பார்வையற்ற சிறுமி ஒருத்தி. எஞ்சிய எழுவரும் அறிவு வளர்ச்சியிற் பின்தங்கியவர்கள். இவர்களை ஒரே வகுப்பு என்று சொல்வது பெயரளவில்தான். கேளாத பிள்ளைக்குக் கண்ணுக்கு முன்னே பொருளைக் காட்டவேண்டும். காணாத பிள்ளைக்கு அதனைக் கையிற் கொடுத்துக் காதிற் சொல்லவேண்டும். ஏனைய எழுவருக்கும் எழுவகையாகச் சொல்லவேண்டும். ஒருவனுக்கு உதவிய உபாயம் பக்கத்திலிருப்பவனுக்கு இடையூறாகும். பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை, எனவே பிறர் கண்ணுக்குப் பெறுபேறும் இல்லை. வருகை தந்த அதிகாரிகள் இடாப்பைப் பார்த்துக் கையொப்பமிட்டுச் சென்றனர்.

இவற்றினும் பெரிய இடர் பாடசாலைக்கு வெளியே இருந்தது. இப்பிள்ளைகளுட் சிலரை நான் வீடு வீடாகச் சென்றே தேடிக்கண்டேன். விருந்தினர் வருங்கால் பின்னறையிற் பூட்டிவைக்கப்பட்ட பிள்ளையும் உண்டு. தமக்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்பது தாயின் அச்சம். அத்தாயைக் கல்நெஞ்சினள் என்று நான் எழுதமாட்டேன். ஊரின் வாய்க்கு அஞ்சியவள் அவள். அந்த ஊரில் நானும் ஒருவன்.

நான் சொல்லவந்த சிறுவனுக்கு அப்போது ஒன்பது வயது. உருண்ட முகம், சிறிய கண்கள், தடித்த நா. பேசுவான், ஆனால் பழகியவர்க்கே விளங்கும். மிக நல்லவன். பிறர் சிரித்தாற் காரணம் வினவாது தானும் சிரிப்பான். பிறர் அழுதால் அருகிற் சென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். திங்கட்கிழமை காலையில் மூன்று நிறங்களைக் கற்பிப்பேன். நண்பகலில் மூன்றையும் காட்டுவான். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இராது. மீண்டும் கற்பிப்பேன், மீண்டும் மறைந்துவிடும். ஒரு தவணை முழுவதும் இவ்வாறே கழிந்தது.

ஒருநாள் சக ஆசிரியர் ஒருவர் வாசலில் நின்று, “எப்படிப் போகுது உங்கடை பல்கலைக்கழகம்?” என்று கேட்டார். எனக்கும் களைப்பு, அவருடைய ஏளனத்தில் நானும் பங்குகொள்ள விரும்பினேன் போலும். சிறுவனின் தலையிற் கைவைத்து, “இவர் பவணந்தியார் சொன்ன ஓட்டைக் குடம். காலமை ஊத்தினது பின்னேரம் இராது” என்றேன். அவர் சிரித்தார். நான் சிரித்தேன். சிறுவனும் சிரித்தான். தன் தலையில் ஆசிரியரின் கை இருந்ததும், தன்னைப் பற்றி ஏதோ சொல்லப்பட்டதுமே அவனுக்குப் போதியனவாக இருந்தன.

பத்து நாட்களின் பின் அவனுடைய பாட்டியார் பாடசாலைக்கு வந்தார். கோயில் திருவிழாவில் யாரோ ஒருவர், “உன்ரை பேர் என்ன ராசா?” என்று பேரனைக் கேட்டாராம். அதுவரை அக்கேள்விக்கு அவன் விடை கூறியதேயில்லை. அன்று நிமிர்ந்து நின்று, தெளிவாக, “ஓட்டைக் குடம்” என்றானாம். சூழ நின்றோர் சிரித்தனராம். அம்மூதாட்டி என்னைக் கோபிக்கவில்லை. “தம்பி, இவன் ஒண்டையும் மனத்திலை வைச்சிருக்கமாட்டான் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். நீங்கள் சொன்னதை மட்டும் வைச்சிருக்கிறான்” என்றார். அவ்வளவே சொல்லிவிட்டுப் பேரனைக் கையிற் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு நன்னூலை மீண்டும் எடுத்தேன். ஆகாத ஆசிரியருக்குக் கூறிய நான்கு உவமைகளில் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் சிறுத்த குடுக்கையொன்றில் பஞ்சை அடைப்பதும் அரிது; அதனை மீள எடுப்பதும் அரிது. சிறிது சிறிதாக அடைக்கவேண்டும். சிறிது சிறிதாகவே எடுக்கவேண்டும். தான் வருந்திக் கற்றதைப் பிறர்க்கு எளிதில் வழங்க மாட்டாத ஆசிரியனை அவ்வுவமை பழிக்கிறது. என் நிலையோ மறுதலையாக இருந்தது. நான் குடம் குடமாக ஊற்றினேன். ஒழுகியபோது குடத்தைப் பழித்தேன். இப்பிள்ளைகளுக்கு வேண்டப்படுபவன் சிறிது சிறிதாக எடுத்துத் தரும் குண்டிகையே என்பது எனக்கு அப்போதுதான் புலனாயிற்று. பவணந்தியார் குற்றமென்று கூறியது இக்கடைசி அறையிற் குணமாகிவிடுகிறது.

இவ்வுண்மையை முன்னரே கண்டவர் பலர். 1800 ஆம் ஆண்டில், பிரான்சின் அவெய்ரோன் காட்டுப்புறத்தில் மனிதத் தொடர்பின்றி அலைந்த சிறுவன் ஒருவன் பிடிபட்டான். கற்பிக்க இயலாதவன் என்று அறிஞர் கைவிட்ட அவனை, பரிசில் காது கேளாதோர் கல்விநிலையத்தில் வைத்தியராயிருந்த இட்டார் என்பவர் பொறுப்பேற்று ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பயிற்றினார். சிறுவன் பேசக் கற்றானல்லன். இட்டார் தாம் தோற்றதாகவே எண்ணினார். எனினும் அவர் கையாண்ட முறைகளை அவருடைய மாணவர் செகுவின் வளர்த்தெடுத்தார். அவ்விருவர் எழுதியவற்றையும் ஊன்றிக் கற்ற மரியா மொண்டிசோரி அம்மையார், ரோமாபுரியில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு முதலிற் கற்பித்தார். அங்கு கண்ட பயனைக்கொண்டே 1907 இல் ஏனைய குழந்தைகளுக்கான தம் முதலாவது இல்லத்தைத் திறந்தார்.

அம்மையார் 1944 இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். இன்று நம் நாட்டிற் பாலர் வகுப்புக்கு ‘மொண்டிசோரி’ என்பதே பெயராகிவிட்டது. வசதி படைத்தோர் பணம் கட்டித் தம் பிள்ளைகளைச் சேர்க்கும் அம்முறையின் வேர், எவரும் வேண்டாத பிள்ளைகளின் வகுப்பறையில் இருக்கிறது. மந்தனுக்குக் கற்பிக்க முயன்றவர்களால் உலகத்துக் குழந்தைகள் யாவரும் பயன்பெற்றனர். நூல் பகரலாகாது என்ற சூத்திரத்துக்கு இதனினும் சிறந்த மறுப்பு வேறு உண்டோ?

நான் புதிதாகத் தொடங்கினேன். நிறங்களை ஒதுக்கிவைத்தேன். இப்பிள்ளைக்கு முதலில் வேண்டுவது அவனுடைய பெயர். நான் கெடுத்த பெயரை நானே திருத்தவேண்டும். பெயரை அசைகளாகப் பிரித்தேன். ஈற்றசையொன்றை மட்டும் அவனுக்கு விட்டு, முன்னவற்றை நான் சொன்னேன். அவன் முடித்துவைத்தான். முடித்துவைப்பவனுக்கு வெற்றியின் இன்பம் உண்டு. தொடங்கித் தோற்பவனுக்கு அது இல்லை. சட்டைப் பொத்தானைப் பூட்டக் கற்பித்ததும் இவ்வாறே. துளையிற் பாதி நுழைந்த பொத்தானை இழுப்பது மட்டுமே முதல் மாதத்து வேலை. நாள்தோறும் ஒரு படி பின்னோக்கிச் சென்று, கடைசியாகவே தொடக்கத்தை அடைந்தோம்.

பெயரின் பின் தந்தையின் பெயர். அதன் பின் ஊரின் பெயர். மூன்றையும் உள்ளங்கையால் மேசையிற் தட்டித் தாளத்துடன் சொன்னோம். ஓராண்டு சென்றது. நான் கேட்டாற் சொல்லுவான். ஆனால் ஒருநாள் அதிபர் கேட்டபோது வாய் திறந்தானல்லன். அக்கேள்வி என் குரலோடும் என் மேசையோடும் ஒட்டியே அவன் மனத்திற் பதிந்திருந்தது. ஓரிடத்தில் அறிந்ததை வேறோரிடத்துக்கு எடுத்துச்செல்லும் ஆற்றல் நமக்குத் தானாக வாய்க்கிறது. இவர்களுக்கோ அதனையும் ஒரு பாடமாகக் கற்பிக்கவேண்டும். எனவே காவலாளியைக் கேட்கச் செய்தேன். கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ள வந்த பெண்களைக் கேட்கச் செய்தேன். தெருவில் மரக்கறி விற்பவரையும் வேண்டிக்கொண்டேன். மேலும் ஆறு மாதங்கள் கழிந்தன. யார் கேட்டாலும் மூன்று பெயர்களையும் சொல்லும் நிலை வந்தது. ஒன்றரை ஆண்டில் மூன்று சொற்கள்! சக ஆசிரியர் இதனைக் கேட்டுத் தலையசைத்தார், நகைத்தாரல்லர்.

இவ்விடத்தில் அப்பார்வையற்ற சிறுமியைப் பற்றியும் சில சொல்லவேண்டும்; தமிழாசிரியன் என்ற செருக்கை என்னிடமிருந்து களைந்தவள் அவள். அவளுக்குக் கற்பிக்கும் பொருட்டு நானும் பிரெய்ல் எழுத்தைக் கற்றேன். மூன்று வயதிற் தந்தையின் தோற்பட்டறையில் ஊசிமுனைக் கருவியினாற் கண்ணைப் புண்படுத்திப் பின் பார்வை முற்றும் இழந்த லூயி பிரெய்ல், 1824 இல், தம் பதினைந்தாம் வயதில் அமைத்த முறை அது. ஆறு புள்ளிகள், அவற்றின் கூட்டினால் அறுபத்துமூன்று வடிவங்கள். 1951 இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட முறையிலேயே தமிழும் எழுதப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு என் விரலால் அப்புள்ளிகளைத் தடவியபோது ஒரு சொல்லை அறிய எனக்குப் பல நிமிடங்கள் சென்றன. அவளோ சில மாதங்களில் என்னை முந்திவிட்டாள்.

நாம் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பை முதலில் இட்டுக் ககரத்தைப் பின்னர் எழுதுகிறோம். ‘கொ’ என்பதற்கோ முன்னொரு குறி, பின்னொரு குறி. பிரெய்லில் அவ்வாறில்லை. ககரத்துக்கு ஒரு வடிவம், அதன் பின் எகரத்துக்கோ ஒகரத்துக்கோ ஒரு வடிவம். ஒலிக்கும் வரிசையே எழுதும் வரிசை. இதனை அறிந்த சிறுமி ஒருநாள், “சேர், கண் தெரிஞ்ச பிள்ளையள் ஏன் பின்னாலை கேக்கிற சத்தத்தை முன்னாலை எழுதுகினம்?” என்று வினவினாள். உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பதை இலக்கணமாகப் பல்லாண்டு கற்பித்தவன் நான். நம் எழுத்து அவ்விலக்கணத்தோடு பொருந்தாமையைக் கண்டவன் அல்லேன். காணாத பிள்ளை கண்டு சொன்னாள். பின்னர் அவள் பரீட்சைகளிற் தேறி, இன்று தானும் ஓர் ஆசிரியையாக இருக்கிறாள். இவ்வாறான வெற்றிகளை உலகம் விரும்பிக் கேட்கிறது. அவளைப் போன்றோருக்காக இரத்மலானையில் 1912 முதலும், நம் கைதடியில் 1956 முதலும் பாடசாலைகள் இயங்கி வருகின்றன. ஆனால் பரீட்சையே எழுதாத பிள்ளையின் வெற்றியை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை. ஆதலினாற் சிறுவனின் கதைக்கே மீள்கிறேன்.

1995 ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்ததை அறியாதார் நம்மவருள் இரார். இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் ஒரே பாதையில் நகர்ந்தனர். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கப் பல மணி நேரம் சென்றது. மழை வேறு. முதியோரைத் துவிச்சக்கர வண்டிகளில் இருத்தித் தள்ளினர். பிள்ளைகளைத் தோளிற் சுமந்தனர். நானும் என் குடும்பத்தோடு அந்நெரிசலில் இருந்தேன். என் பதினொரு பிள்ளைகளும் எங்கே என்று எண்ணிப்பார்க்கவும் அவ்விரவு இடந்தரவில்லை.

சில வாரங்கள் கழித்து, நாங்கள் ஒதுங்கியிருந்த சாவகச்சேரிப் பகுதியில் அச்சிறுவனின் தாயாரைத் தெருவிற் கண்டேன். பையன் அருகில் நின்றான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். தாயார் நடந்ததைச் சொன்னார். அன்றிரவு பாலத்தடியில் அவன் கை நழுவிப்போயிற்று. திரும்பித் தேட வழியில்லை. பின்னாலிருந்து சனம் தள்ளியது. விடியும்வரை அவர் அழுதபடி நடந்தார். அவன் யாரோ ஒருவரின் பின்னாற் சென்று, ஒரு பாடசாலைக் கட்டடத்தில் ஏனையோரோடு படுத்துவிட்டான். காலையிற் தொண்டர்களாக நின்ற இளைஞர் அவனைக் கண்டு வினவியிருக்கின்றனர். முன்பின் அறியாத அவர்களுக்கு அவன் தன் பெயரைச் சொன்னான்; தந்தையின் பெயரைச் சொன்னான்; ஊரைச் சொன்னான். ஒலிபெருக்கியில் அம்மூன்று பெயர்களும் அறிவிக்கப்பட்டன. மாலைக்குள் தாயும் மகனும் சேர்ந்தனர்.

“நீங்கள் படிப்பிச்ச மூண்டு சொல்லுத்தான் மாஸ்ரர், என்ரை பிள்ளையைத் தந்தது” என்றார் அத்தாய். பின்னர் முகம் மலர்ந்து, “அதோடை ‘ஓட்டைக் குடம்’ எண்டும் சொன்னவனாம். அந்தப் பெடியளுக்கு ஒண்டும் விளங்கேல்லை” என்று சிரித்தார். பையனும் சிரித்தான். என்னாற் சிரிக்க முடியவில்லை.

ஒன்றரை ஆண்டு முயன்று ஊட்டிய மூன்று சொற்களும், ஒரு கணத்து ஏளனத்தில் உதிர்ந்த இரண்டு சொற்களும் ஒரே இடத்திற் பத்திரமாக இருந்தன. அவன் ஓட்டைக் குடம் அல்லன்; நான் நல்லதென்று எண்ணி ஊற்றியதையும், எண்ணாது சிந்தியதையும் ஒருங்கே ஏந்தி வைத்திருந்தவன். பிள்ளைகளின் மனத்தில் எது தங்கும், எது ஒழுகும் என்பதை ஆசிரியன் முன்கூட்டி அறியமாட்டான். அறியமாட்டாதவன் தன் வாயைக் காத்தல் கடன். இதுவே இத்தொழிலிற் பெற்ற முதற் பாடம்.

அவ்வறையில் மேலும் பதினாறு ஆண்டுகள் இருந்தேன்; இடமாற்றம் கேட்டேனல்லேன். இக்காலத்தில் நன்மைகள் பல விளைந்துள்ளன. எல்லாப் பிள்ளைகளையும் பொதுப் பாடசாலைகள் ஏற்றுக்கொள்ளவேண்டும் என 1994 இற் சலமன்காவிற் கூடிய உலக மகாநாடு பிரகடனம் செய்தது. வலது குறைந்தோரின் உரிமைகளைக் காக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் பாடசாலையின் வாயிலைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையின் முன் பொறுமையோடு அமர்வது சட்டத்தால் இயல்வதன்று. அது மனிதரின் வேலை.

ஆசிரிய நண்பர்களுக்கும், இனி ஆசிரியராக வரவிருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இவ்வறைக்கு உங்களை அனுப்பினால் அதனைத் தண்டனையென்று கொள்ளாதீர்கள். இங்கே புகழில்லை, பெறுபேற்றுப் பட்டியலில் உங்கள் பெயர் வராது, பல நாட்களில் வெறுங்கையோடு வீடு திரும்புவீர்கள். கற்பித்த பொருளொன்று ஒரு பிள்ளையின் வாழ்வில் எங்கே சென்று பயன்படும் என்பதையும் பெரும்பாலும் அறியமாட்டீர்கள். நான் அறிய நேர்ந்தது ஒரு பெருந்துன்பத்தின் நடுவில். அத்தகைய சோதனை எவருக்கும் வரவேண்டாம்.

பவணந்தியாரின் நூலை இன்றும் வைத்திருக்கிறேன். மாணாக்கரின் வகைகளைக் கூறும் சூத்திரத்தை இப்போது விரைந்து கடந்துவிடுகிறேன். நல்லாசிரியனுக்கு அவர் கூறிய முதலாவது உவமையிலேயே என் கண் நிற்கிறது. அது நிலம். அகழ்ந்தாலும் மிதித்தாலும் தாங்கி, உழுதவனின் முயற்சிக்கும் பருவத்துக்கும் ஏற்ப விளைவு தருவது. நான் அவ்வாறு ஆனேன் என்று சொல்லத் துணியேன். ஆகவேண்டும் என்ற ஆசையை ஓட்டைக் குடமென்று நான் பழித்த ஒருவன் என்னுள் ஊற்றிச் சென்றான். அது இன்னும் ஒழுகிவிடவில்லை.